மூங்கில் கம்பும் ஈரிழைத் துண்டும்

"விழுந்த பிறகு எழுந்து நின்றாரா?"

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தள்ளுகட்டிலில் படுத்திருந்த பெரியப்பா கூரையைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவுக்கு அப்பால், பெரியப்பாவின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றிருந்தாள். அங்கிருந்தே பதில் சொன்னாள்.

"நின்னாருங்க சார். நான்தான் கம்ப நீட்னேன்."

மருத்துவருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இறங்கி ஓடையைத் தாண்டிப் போனால் எங்கள் வீடு. அம்மா வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அங்கே ஒரு பழக்கம் இருந்தது. தம்பி மனைவி தன் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், எதிரில் நிற்கக் கூடாது. நேருக்கு நேர் பேசக் கூடாது. தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பல வீடுகளில் இப்போது இதெல்லாம் போய்விட்டது. எங்கள் வீட்டில் போகவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா இறந்தார். பெரியம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. ஒரே கூரையின் கீழ் கணவனை இழந்த ஒருத்தியும் மனைவியை இழந்த ஒருவரும். ஊர் வாய்க்கு ஒரு துரும்பு கூடக் கிடைத்துவிடக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

பேச வேண்டியதை எல்லாம் வீட்டின் நடுத்தூணிடம் பேசிக்கொள்வார்கள்.

"ஏ தூணே, கஞ்சி ஆச்சான்னு கேளு."

"தூணே, உப்பு தீந்து போச்சுன்னு சொல்லு."

எனக்குப் பேச்சு வந்த பிறகு தூணுக்கு வேலை குறைந்தது. நான் விடுதியில் தங்கிப் படிக்கக் கீழே இறங்கியதும் மறுபடி வேலை வந்துவிட்டது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். என்னைச் சேர்த்தபோது கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தவர் பெரியப்பா. இப்போது பி.எட். படிக்கிறேன். இதை எங்கே சொன்னாலும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாள் ஆகிறது. "டீச்சரு" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று தீபாவளி விடுமுறைக்கு நான் வந்திருந்தேன். அறுத்த சாமையைப் பாறையில் காயப் போட்டிருந்தோம். திடீரென்று வானம் கறுத்துத் தூறல் விழுந்தது. நான் தார்ப்பாய் எடுக்க வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா கட்டுகளை அள்ளிக்கொண்டு திரும்பியவர், நனைந்த பாறையில் வழுக்கி இடுப்புப் பக்கமாக விழுந்தார். பக்கத்தில் அம்மா மட்டும்தான் இருந்தாள்.

அவளால் அவரைத் தொட்டுத் தூக்க முடியாது. பெரியவரை மழையில் பாறைமேல் கிடக்க விடவும் மனம் வரவில்லை. வைக்கோல் புரட்டும் மூங்கில் கம்பின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டி, மறுமுனையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அதைப் பற்றி எழுந்தார். நான் தார்ப்பாயோடு வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான், முகம் சுருங்கிவிட்டது.

"கால் எங்கியோ போவுது டீச்சரு" என்று சொல்லியபடி மறுபடி சரிந்தார்.

கல்லூரியில் முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்ததற்கு இரண்டும் அடையாளம். எனக்குக் கோபம் அம்மாமேல் பாய்ந்தது.

"தொடக்கூடாதுன்னா சும்மா இருந்திருக்க வேண்டியதுதானே! எதுக்கும்மா எழுப்புன?"

அம்மா கம்பைக் கீழே போடவே இல்லை. பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். வயதானவர் விழுந்தால் ஓடிப் போய்த் தூக்கத்தான் கை போகும். தூக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். எங்கே வலிக்கிறது, தலையில் அடிபட்டதா, கையைக் காலை அவராகவே அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். இடுப்பிலோ முதுகிலோ வலி என்றால் கிடந்த இடத்திலேயே போர்த்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மழை பெய்தால் அவருக்கு மேலே தார்ப்பாயைப் பிடியுங்கள். எங்கள் வீட்டுப் பழக்கம் சொன்னபடி அம்மா அவரைத் தொடாமல் இருந்தது உண்மையில் சரி. தப்பு அந்தக் கம்பில் இருந்தது. இரக்கத்தில்தான் அதை நீட்டினாள்.

இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, புடவைத் துணியால் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். அக்கம்பக்கத்து வீட்டு ஆண்கள் கயிற்றுக் கட்டிலில் அப்படியே வைத்து ரோடு வரை தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "எண்ணெ போட்டு மூங்கில் பத்தை வெச்சுக் கட்டிட்டா கூடிக்கும்" என்றார் ஒருவர். "இடுப்புல எங்க மாமா பத்தை வெச்சுக் கட்டுவ?" என்று நான் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டுப் பீடியை எடுத்தார்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பியபோதெல்லாம் பெரியப்பா என் கையை நசுக்கினார். சத்தம் மட்டும் வரவில்லை. அம்மா ஓட்டுநர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போளூரில் முதலில் காட்டினோம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் இருக்கும். அது இடுப்புக் குழிக்குள் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம். பந்துக்கும் எலும்புக்கும் நடுவே குறுகலான ஒரு பகுதி, அதைக் கழுத்து என்கிறார்கள். பெரியப்பாவுக்கு அந்தக் கழுத்து முறிந்து விலகியிருந்தது. விலகினால் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிடும். இந்த வயதில் அது சேராது. பழைய பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும்.

"நிக்காம இருந்திருந்தா வெறும் விரிசலோட போயிருக்குமா சார்?" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"இருக்கலாம். விழுந்தப்பவே விலகியும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. வெளிய நின்னு பேசாதீங்க, உள்ள வாங்க."

அம்மா உள்ளே வரவில்லை. "இருக்கலாம்" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அறுவை சிகிச்சை உடனே நடந்துவிடவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. அது இறங்க வேண்டும், இதயம் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதுவரை எலும்பு மேலும் நகராமல் இருக்கக் காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டார்கள். "கெணத்துல வாளி வுட்ட மாதிரி கீது" என்றார் பெரியப்பா. இ.சி.ஜி., எக்கோ என்று ஒவ்வொன்றுக்கும் தள்ளுகட்டிலை ஒரு வராந்தாவிலிருந்து இன்னொரு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எக்கோ என்பது நெஞ்சின்மேல் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து, இதயம் அடிப்பதைத் திரையில் பார்ப்பது. வலிக்காது. ஆனால் அந்த அறைக்கு வெளியே காத்திருப்பது வலிக்கும். அறுவைச் செலவைக் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது. மற்றச் சில்லறைச் செலவுகளுக்காக அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. என் விடுதித் தோழி ஒருத்தி பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, "நோட்ஸ் கொண்டாந்திருக்கேன், படி" என்று வைத்துவிட்டுப் போனாள்.

வார்டில் அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்தவருக்குத் துணையாக அவர் மனைவி இருந்தார். சந்தவாசல் ஊர்க்காரர் என்பதால் எங்களுக்குச் சந்தவாசல் அக்கா. அவருக்குத் தெரியாமல் வார்டில் ஊசி கூட விழாது. வந்த அன்றே அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ, வூட்டுக்காரர உள்ள போட்டுட்டு நீ வராண்டாலயே குந்திகினு கீற?"

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் அவசரமாக விளக்கினேன். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு தன் கணவரைப் பார்த்தார்.

"நானும் இந்த ஆளு கூட ரொம்ப நாளா பேசறதில்ல. ஆனா அது மூத்தார்ன்னு மரியாதைக்கு இல்ல. சண்ட."

"பேசாமயே இவ்ளோ பேச்சு" என்றார் கட்டிலில் இருந்தவர்.

அக்கா விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அம்மா அதற்குப் பிறகு வார்டு வாசலைத் தாண்டவே இல்லை. துணி அலசுவாள், கஞ்சி வாங்கி வருவாள், வெந்நீர் பிடித்து வருவாள். எல்லாம் வாசல் வரை. அங்கிருந்து நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சையின்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். பெரியப்பா விழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "ஆசாரி வேலை மாதிரி சுத்தியல் சத்தம்லாம் கேட்டுச்சு டீச்சரு. எந்த வூட்டுக்கோ கதவு மாட்றாங்கன்னு நெனச்சிகினேன்" என்றார். நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னபோது அம்மா வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒரு கலவரம். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது செவிலியர் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது எந்த ஊரு? இப்ப பகலா, ராத்திரியா?"

"ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

"யாருகூட ஐயா பேசினுருந்தீங்க?"

"இந்தக் கம்பி கூட." குளுக்கோஸ் தொங்கும் கம்பியைக் காட்டினார்.

"கம்பி பதில் சொல்லுதா?"

"சொல்லும். கொஞ்சம் லேட்டாவும்."

பெரிய அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்குச் சில நாள் புத்தி தடுமாறுவதுண்டு. இல்லாதது தெரியும், இருக்கும் இடம் மறந்துபோகும். டெலிரியம் என்பார்கள், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதுதான் வந்துவிட்டது என்று மருத்துவரைக் கூப்பிடப் போனார் செவிலியர். பெரியப்பா சொன்னது உண்மையில் இதுதான்: "ஏ கம்பி, காலைலருந்து காப்பி கூடக் குடிக்காம வெளிய குந்திகினு இன்னா பண்ணுதுன்னு கேளு." வாசலில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டது. கொஞ்சம் தாமதமாக, "குடிச்சாச்சுன்னு சொல்லு" என்று அவளும் கம்பிக்குத்தான் பதில் சொன்னாள். நான் செவிலியரை மறித்து எல்லாம் விளக்கினேன். "அப்ப ரெண்டு பேருக்கும் புத்தி தெளிவாத்தான் கீதா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

ஆனால் உண்மையான கஷ்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

பிசியோதெரபி பெண் என் வயதுதான் இருப்பார். வாக்கரைக் கொண்டுவந்து வைத்து, இன்றைக்கே நிற்க வேண்டும் என்றார். நானும் அவரும் பிடிக்க, பெரியப்பா நின்றார். முகம் வெளுத்தது, உடனே உட்கார்ந்தார். அவ்வளவுதான். கால் மறுபடி எங்கேயோ போய்விடும் என்ற பயம் அவருக்குள் புகுந்துவிட்டது. அடுத்த முறை நான் எவ்வளவு கெஞ்சியும் கட்டிலின் ஓரத்துக்குக் கூட வரவில்லை. வார்டில் ஆளைத் தூக்கி விடுகிறவர் ஒருவர்தான். அவருக்கு நேரம் கிடைக்கும்போது இவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

நெஞ்சில் சளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மூட்டு நல்லா உக்காந்திருக்கு. ஆளுதான் எறங்கணும். படுத்தே கெடந்தா நுரையீரல்ல சளி கட்டிக் காய்ச்சல் வரும். கால்ல ரத்தம் உறையும். முதுகுல புண்ணு வரும். இடுப்பு முறிஞ்ச வயசானவங்களைக் கொண்டுபோறது முறிவு இல்லம்மா, படுக்கைதான்."

அடுத்த நாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. போகவில்லையென்றால் ஒரு வருடம் வீணாகும். மலையிலிருந்து யாரையாவது வரச் சொல்லலாம் என்றால், சாமை அறுப்பு முடியாமல் ஒருவரும் இறங்க முடியாது. எங்கள் சாமையையும் சேர்த்து அவர்கள்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிசியோ பெண் என்னிடம், "இடுப்புல பெல்ட் கட்டி, பின்னால அதைப் புடிச்சுக்கணும். கையை மட்டும் புடிச்சு இழுக்காதீங்க, ரெண்டு பேரும் விழுவீங்க" என்று சொல்லியிருந்தார். அதையே நான் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் அலச வேண்டிய துணியை எடுத்துக்கொண்டாள்.

"பரீட்சைக்குப் போகலம்மா" என்றேன்.

"போய்ட்டு வா. அவுரு கட்டைவெரல் வெச்சது நீ ஆஸ்பத்திரில குந்தறதுக்கு இல்ல."

போனேன். பாடம் நடத்தினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். மதிய பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

வார்டுக்குள் நுழைந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நான் செவிலியரைத் தேடித் திரும்பினேன். சந்தவாசல் அக்கா என் தோளைத் தட்டி அந்தப் பக்கம் காட்டினார்.

"அங்க பாரு, உங்கம்மா ஏர் ஓட்றா."

இரண்டு வரிசைக் கட்டில்களுக்கு நடுவே பெரியப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இடுப்பில் அவருடைய ஈரிழைத் துண்டு சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பின்பக்கம் அந்தத் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அம்மா. பிசியோ பெண் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நடந்ததை அக்கா காதோடு சொன்னார். காலையில் பிசியோ பெண் வந்ததும் அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்தாளாம். "தொடாம புடிக்க முடியுங்களா?" என்று கேட்டாளாம். "தொடாம புடிக்கறதுதாம்மா சரியான மொறையே" என்றாராம் அவர். பெல்ட்டைத் தேடினால் வேறு வார்டுக்குப் போயிருந்தது. அம்மா கம்பியில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, "கட்டிக்கச் சொல்லுங்க" என்றாளாம். பெரியப்பா வெகுநேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே கட்டிக்கொண்டாராம்.

"ஏ வாக்கரு, கெட்டியா புடிக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா. அடி வைத்தார். இன்னோர் அடி. குடிதண்ணீர் டிரம் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். தரையில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. அக்கா ஓடிப் போய்த் துடைத்தார். துடைத்த பிறகும் அந்த இடம் மினுமினுவென்றுதான் இருந்தது, நனைந்த பாறை மாதிரி. தூக்கிய வாக்கரை மறுபடி அதே இடத்தில் வைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். தூண், கம்பி, வாக்கர், எதுவும் அவர் வாயில் வரவில்லை.

நான் ஓடிப் போய்ப் பிடிக்க நினைத்தேன். பிசியோ பெண் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நான் புடிச்சிருக்கேன்" என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. அவரிடமே சொன்னாள். "நடங்க."

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மினுமினுத்த தரையில் வாக்கரை எடுத்து வைத்தார். பிறகு காலை வைத்தார். துண்டு விறைத்து நின்றது. சன்னல் ஓரத்துக்குப் போய்ச் சேரும்வரை வார்டில் யாரும் பேசவில்லை, சந்தவாசல் அக்கா உட்பட.

அங்கே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் என்னைப் பார்த்துக் கேட்டார். "பரீட்ச எப்டி டீச்சரு?"

"நல்லா செஞ்சிருக்கேன்."

"ம். உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லு." அம்மா அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், இன்னமும் துண்டை விடாமல் நின்றிருந்தாள். "கம்பு நீட்லன்னா நான் தவழ்ந்தாவது எழுந்திருப்பேன். மழைல எந்த மனுஷன் படுத்துகினு இருப்பான்? எலும்பு போனது பாறையால. கம்பால இல்லன்னு சொல்லு."

"சொல்றேன் பெரியப்பா."

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மாலை நான் வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தை முழுதும் சாப்பிட்டாள்.

பெரியப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். சம்மணம் போடக் கூடாது, குந்தக் கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது. வைத்த பந்து நழுவிவிடும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ஓட்டை போட்டுக் கழிப்பறை செய்தோம். தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. சாமையை ஊரார் அடித்து மூட்டை கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள், ஒரு பிடி குறையவில்லை. பார்க்க வந்த ஒருத்தி மட்டும், "தொட்டுத் தூக்கறியாமே?" என்று அம்மாவிடம் இழுத்தாள். "துண்டதான் புடிக்கறேன். வேணும்னா நீ வந்து புடி" என்றாள் அம்மா. வந்தவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பழக்கம் எங்கும் போய்விடவில்லை. அம்மா அவர் எதிரில் நிற்பதில்லை. அவரும் நேராக ஒன்றும் கேட்பதில்லை. துண்டு நடுத்தூணின் ஆணியில் தொங்குகிறது. வெயில் தாழ்ந்ததும் பெரியப்பா வாக்கரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"ஏ தூணே, துண்ட..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தூணில் துண்டு இருக்காது.